சாவி கைக்கு வந்த பிறகு



“வீட்டைக் கட்டிப்பார், கலியாணம் பண்ணிப்பார்” என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். இவ்விரண்டிலும் கைப்பொருள் எவ்வாறு கரையும் என்பதை உணர்த்தவே இப்பழமொழி எழுந்தது. இன்றோ நம் பங்குக் குடும்பங்களில் பலர் மனை வாங்கிக் கட்டுவதில்லை. பிறர் கட்டிய வீட்டை வங்கிக் கடன் பெற்று விலைக்கு வாங்குகின்றனர். ஆயினும் பழமொழி பொய்க்கவில்லை. கலியாணம் ஒரு நாள், இல்லறம் வாழ்நாள். அதுபோலவே பத்திரப் பதிவு ஒரு நாள், வீட்டைப் பேணுவது வாழ்நாள். முதல் சில மாதங்களில் மணமக்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வது போல, வீட்டுக்காரரும் தம் வீட்டை அறிந்துகொள்ள வேண்டும். அதன் நலிவு எங்கே, வலிவு எங்கே என்று அறியாமல் அழகு செய்யத் தொடங்குவோர் பின்னர் வருந்துவர்.

சாவி கைக்கு வந்ததும் நம்மவர் செய்வது என்ன? வண்ணம் பூசுகின்றனர், அழைப்பிதழ் அச்சிடுகின்றனர், உறவினருக்கு விருந்து வைக்கின்றனர். இவற்றில் தவறொன்றுமில்லை. மகிழ்ச்சியைப் பகிர்வது கிறிஸ்தவப் பண்பே. ஆனால் கையிருப்பு முழுவதும் கண்ணுக்குத் தெரியும் காரியங்களிலேயே செலவாகிவிட்டால், கண்ணுக்குத் தெரியாத காரியங்கள் காத்துக்கிடக்குமா? மழை காத்திருக்காது, மின்சாரம் காத்திருக்காது, கறையானும் காத்திருக்காது. எனவே இம்மாதம் நான் சொல்ல விரும்புவது இது ஒன்றே: புதிதாக வாங்கிய வீட்டில் முதற்பணம் மறைவானவற்றிற்கே செல்லட்டும்.

குருவானவர் பார்த்த சுவர்

இது ஏதோ கொத்தனார் பேச்சு என்று எண்ணிவிட வேண்டாம். மறைநூலிலேயே இதற்கு வழிகாட்டுதல் உண்டு. லேவியர் நூலின் 14-ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். ஒரு வீட்டின் சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ கறை படர்ந்து, அது சுவருக்குள் இறங்கியிருப்பதாகத் தோன்றினால், வீட்டுக்காரர் குருவிடம் சென்று அறிவிக்க வேண்டும். குரு வருமுன் வீட்டிலுள்ள பொருள்கள் வெளியே எடுக்கப்பட வேண்டும். குரு வந்து பார்ப்பார். வீட்டை ஏழு நாள் பூட்டி வைப்பார். ஏழாம் நாள் திரும்பி வந்து மீண்டும் பார்ப்பார். கறை பரவியிருந்தால் அந்தக் கற்களைப் பெயர்த்து, உட்பூச்சைச் சுரண்டி நகருக்கு வெளியே கொட்டி, வேறு கற்களை வைத்துப் புதிதாகப் பூசச் சொல்வார். அதன் பிறகும் கறை பரவாதிருந்தால்தான் வீடு தூய்மையானது என்று அறிவித்து, அதற்குரிய சடங்கை நிறைவேற்றுவார்.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் பார்த்தல், பிறகு பொறுத்திருத்தல், பிறகு பழுது நீக்குதல், கடைசியில் சடங்கு. நாமோ இவ்வரிசையைத் தலைகீழாக்கி, சடங்கை முதலில் வைத்துக்கொள்கிறோம். பழுதை வண்ணத்தால் மூடிவிடுகிறோம். எசேக்கியேல் இறைவாக்கினர் 13-ஆம் அதிகாரத்தில் உறுதியற்ற சுவருக்கு வெள்ளையடித்தவர்களைக் கடிந்துகொள்கிறார். பெருமழை வரும்போது அந்தச் சுவர் என்னவாகும் என்றும் சொல்கிறார். அவர் பேசியது போலி இறைவாக்கினரைப் பற்றி. ஆயினும் அந்த உவமை எந்தக் கொத்தனாருக்கும் விளங்கும்.

வீடு மந்திரிக்கச் செல்லும்போது அறைக்கு அறை சென்று தீர்த்தம் தெளிப்பது வழக்கம். ஒரு வீட்டில் பின்னறைக் கதவு மட்டும் சாத்தியிருந்தது. “அந்த அறை வேண்டாம், சாமி. சாமான்கள் போட்டு வைத்திருக்கிறோம்” என்றார் வீட்டுத் தலைவர். அவருடைய வயது முதிர்ந்த தாயார் விடவில்லை. “ஏம்ப்பா மறைக்கிறே? கதவைத் திற. மழை பேஞ்சா அங்கேதானே பாத்திரம் வைக்கிறோம்! சாமி பாக்கட்டும்” என்றார். கதவு திறந்தது. புதுவண்ணம் பூசிய சுவரில் ஓதம் ஏறி, பூச்சு கொப்புளமாக எழும்பியிருந்தது. தளத்தில் வட்டமாக நீர்க்கறை. முன்னறையிலோ எண்பது பேருக்கு விருந்து ஆயத்தமாயிருந்தது. அந்த அறைக்குத்தான் தீர்த்தம் முதலில் செல்ல வேண்டும் என்று சொல்லி, அங்கு நின்றே செபித்தோம். அந்த மாதமே அக்குடும்பம் மாடித் தளத்தைச் செப்பனிட்டது. தாயாரின் வாய்மை அந்த வீட்டைக் காத்தது.

நீரின் வழி

நம் நாட்டு வீடுகளுக்கு முதற்பகைவர் நீரே. ஐப்பசியில் அடைமழை என்பார்கள். தமிழகத்தின் பெரும்பகுதிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையே வீட்டின் தேர்வு. ஆதலின் ஒரு மழைக்காலத்தைக் கண்ட பின்னரே உட்சுவர்களுக்கு விலையுயர்ந்த வண்ணம் பூசுவது அறிவுடைமை. மழை பெய்யும்போதே குடையுடன் வீட்டைச் சுற்றி வாருங்கள். நீர் எங்கே தேங்குகிறது, எந்தச் சன்னலின் மேல் வழிகிறது, எந்த மூலை நனைகிறது என்று பாருங்கள்.

மாடியில் சருகும் மண்ணும் சேர்ந்து மழைநீர்க் குழாயின் வாயை அடைத்திருந்தால் தளம் குளமாகும். தட்டோடுகளின் இடுக்கில் பூசிய கலவை பெயர்ந்திருந்தால் அவ்வழியே நீர் இறங்கும். கைப்பிடிச் சுவரின் வெடிப்பில் பறவைகள் இட்ட விதையிலிருந்து அரசும் ஆலும் முளைக்கும். இரண்டு இலை விட்டபோதே வேரோடு பிடுங்காவிட்டால், இரண்டு ஆண்டுகளில் அது சுவரைப் பிளக்கும். பாவத்தின் வளர்ச்சிக்கு இதைவிடச் சிறந்த உவமை எனக்குத் தெரியாது.

தரையிலிருந்து ஓரிரண்டு அடி உயரம் வரை சுவர் நனைந்து உப்புப் பூத்திருந்தால் நீர் கீழிருந்து ஏறுகிறது என்பது பொருள். தளத்தை ஒட்டிக் கறை இருந்தால் நீர் மேலிருந்து வருகிறது. மழையில்லா நாளிலும் குளியலறைக்கு அடுத்த சுவர் ஈரமாயிருந்தால் குழாய் கசிகிறது. நோய் எதுவென்று அறியாமல் மருந்து வாங்கலாமா? பூச்சுக்கு மேல் பூச்சு வாங்குவதும் அதுபோன்றதே.

சுவரில் விரிசல் கண்டால் அஞ்சவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். மயிரிழை போன்ற விரிசல்கள் பல பூச்சு உலர்வதால் தோன்றுபவை. விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்தும் கோட்டைத் தாண்டாவிடில் பூசி மூடலாம். கோட்டைத் தாண்டி நீண்டாலோ, அகன்றாலோ, மூலைவாக்காகப் படிபோல் இறங்கினாலோ பொறியாளரை அழைப்பதே முறை. மறைநூல் குரு ஏழு நாள் பொறுத்திருந்து மறுபடியும் வந்து பார்த்தது இதற்காகவே அன்றோ?

குடிநீரையும் மறவாதீர்கள். மேல்நிலைத் தொட்டியை முந்தையவர் எப்போது கழுவினார் என்பது நமக்குத் தெரியாது. குடிபுகுமுன் வண்டலை அகற்றித் தேய்த்துக் கழுவுங்கள். பின்னர் ஆறு மாதத்திற்கு ஒருமுறை கழுவுங்கள். மூடி இறுகப் பொருந்தட்டும். டெங்கு பரப்பும் கொசு சாக்கடையில் அன்று, தெளிந்த நீரிலேயே முட்டையிடுகிறது; முட்டை கொசுவாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். மழைநீர் சேகரிப்பு அமைப்பு 2003-ஆம் ஆண்டிலேயே தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. பல வீடுகளில் குழி இருக்கிறது, உள்ளே மண் அடைந்திருக்கிறது. மழைக்கு முன் அதைத் தூர்வாருங்கள்.

நெருப்பின் வழி

நீருக்கு அடுத்து அஞ்சத்தக்கது மின்சாரம். பழைய வீட்டின் கம்பிகள் இரண்டு மின்விசிறிக்கும் நான்கு விளக்குக்கும் இழுக்கப்பட்டவை. அவற்றிலேயே குளிர்சாதனத்தையும் வெந்நீர்க் கருவியையும் மாட்டினால் கம்பி சூடேறும். குடிபுகுமுன் உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரை அழைத்து, கம்பிகளையும் ‘எர்த்’ இணைப்பையும் சோதிக்கச் சொல்லுங்கள். மின்கசிவு கண்ட நொடியில் இணைப்பைத் துண்டிக்கும் கருவி ஒன்று உண்டு. மின்பணியாளர் அதனை ஆர்.சி.சி.பி. என்பார். 30 மில்லி ஆம்பியர் அளவுடையது மனித உயிரைக் காப்பதற்கானது. திருஇருதயப் படத்திற்குப் போடும் அலங்கார விளக்கின் விலையோடு ஒப்பிட்டால் இதன் விலை சற்றுக் கூடுதலே. ஆனால் ஓர் உயிரின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. அதில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். அவ்வப்போது அழுத்தி, கருவி வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

படம் மாட்டுவதிலும் எச்சரிக்கை வேண்டும். சுவிட்சுப் பலகைக்கு நேர் மேலே சுவருக்குள் கம்பிக்குழாய் செல்வது வழக்கம். அந்நேரில் ஆணி அடிக்காதீர்கள். ஆண்டவரின் படத்தைச் சற்றுத் தள்ளி மாட்டினால் அவர் வருத்தப்பட மாட்டார்.

மாடியின் கைப்பிடிச் சுவர்

இதுவரை சொன்னவை வீட்டைக் காக்கும் வழிகள். இனி, வீட்டால் பிறர் கெடாதிருக்கும் வழி. இணைச்சட்ட நூல் 22-ஆம் அதிகாரம் 8-ஆம் வசனம் புதுவீட்டைப் பற்றியது. புதுவீடு கட்டுபவர் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். எழுப்பாமல் எவரேனும் விழுந்து இறந்தால் அந்த இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும் என்பது அதன் கருத்து. மோசேயின் சட்டம் வீட்டுக்காரரிடம் கேட்டது பளிங்குத் தரையன்று. விருந்தினரும் குழந்தையும் வேலையாளும் உயிரோடு திரும்பிச் செல்வதற்கான ஏற்பாடு.

இன்றைய கட்டட விதித்தொகுப்பும் கைப்பிடிச் சுவருக்குக் குறைந்தது 1 மீட்டர் உயரம் கேட்கிறது. உங்கள் மாடிச் சுவர் எவ்வளவு உயரம்? ‘சம்ப்’ எனப்படும் தரைத்தொட்டியின் மூடி குழந்தை மிதித்தால் தாங்குமா? படிக்கட்டுக்குப் பிடி உண்டா? குளியலறையில் முதியவர் பற்றிக்கொள்ள ஒரு கம்பி உண்டா? இவற்றை முதல் வாரத்திலேயே பாருங்கள்.

இன்னொரு தொட்டியும் உண்டு. அதைப் பற்றிப் பேச நாம் கூசுகிறோம். வாங்கிய வீட்டின் செப்டிக் டேங்க் எங்கே உள்ளது, எப்போது காலி செய்யப்பட்டது என்று விற்றவரிடம் கேட்டறியுங்கள். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனைக் காலி செய்ய வேண்டும்; உள்ளாட்சியின் உரிமம் பெற்ற உறிஞ்சு லாரியைக் கொண்டே செய்ய வேண்டும். “அடியில் கொஞ்சம் கட்டியாக இருக்கிறது, ஓர் ஆளை இறக்கினால் ஆயிற்று” என்று எவரேனும் சொன்னால் அந்தச் சொல்லுக்கு இணங்காதீர்கள். தொட்டிக்குள் தேங்கும் நச்சுக்காற்று சில மூச்சுகளில் மனிதனை வீழ்த்தும். அவனைக் காப்பாற்ற இறங்குபவனையும் வீழ்த்தும். கையால் கழிவகற்றும் பணியைத் தடைசெய்து 2013-இல் இயற்றப்பட்ட சட்டம், பாதுகாப்புக் கருவிகளின்றி ஒருவரை இத்தொட்டிக்குள் இறக்குவதைக் குற்றமாக்கியுள்ளது. இச்சட்டம் அலுவலகங்களை மட்டுமன்று, நம்மைப் போன்ற தனிமனிதரையும் கட்டுப்படுத்தும். இவ்வாறு இறந்தோரின் குடும்பத்திற்கு 10 இலட்சம் ரூபாய் வழங்க உச்ச நீதிமன்றம் 2014-இல் ஆணையிட்டது. 2023-இல் அதனை 30 இலட்சமாக உயர்த்தியது. எத்தனை இலட்சம் கொடுத்தாலும் ஒரு மனைவிக்குக் கணவன் திரும்புவானா? மாடியிலிருந்து விழுபவரின் இரத்தப்பழி வீட்டின்மேல் வருமென்றால், நம் தொட்டிக்குள் நாம் இறக்கியவரின் பழி யார்மேல் வரும்? நற்கருணை வாங்கும் கைகள் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

தாளும் பணமும்

வீட்டின் பழுதுகள் சுவரில் மட்டுமல்ல, தாளிலும் உண்டு. பத்திரம் வேறு, பட்டா வேறு. பதிவு முடிந்ததும் பட்டாவையும் சொத்து வரியையும் குடிநீர் இணைப்பையும் மின் இணைப்பையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். சில மாதம் கழித்து வில்லங்கச் சான்று எடுத்து உங்கள் பத்திரம் அதில் ஏறியிருக்கிறதா என்று சரிபாருங்கள். “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று விட்ட பட்டாக்களே பிள்ளைகள் காலத்தில் வழக்காகின்றன. பங்கு அலுவலகத்திற்கு வரும் உடன்பிறப்புச் சண்டைகளில் பாதி, தகப்பனார் மாற்றாமல் விட்ட தாள்களிலிருந்து பிறந்தவையே.

கட்டி விற்பவரிடமிருந்து நேரே புதுவீடோ அடுக்ககமோ வாங்கியவர்களுக்கு 2016-ஆம் ஆண்டின் ‘ரெரா’ சட்டம் ஒரு பாதுகாப்பு அளிக்கிறது. வீட்டை ஒப்படைத்த நாள் முதல் 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை கண்டு அறிவித்தால், 30 நாளுக்குள் அவர் தம் செலவில் நீக்கித் தர வேண்டும். வாய்ச்சொல் போதாது, தேதியிட்டு, படத்துடன், எழுத்தில் அறிவியுங்கள்.

பணத்திற்கு வருவோம். 20 இலட்சம் ரூபாயை 9 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுகளுக்குக் கடனாகப் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 17,995 ரூபாய். முதல் மாதத்தில் இதில் 15,000 ரூபாய் வட்டிக்கே போகிறது. அசலில் கழிவது 2,995 ரூபாய்தான். ஓராண்டு முழுவதும் 2,15,940 ரூபாய் செலுத்திய பிறகும் கடன் ஏறக்குறைய 37,500 ரூபாய் மட்டுமே குறைந்திருக்கும். இக்கணக்கைக் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒருவர் மட்டும் அறிந்த கடன் இருவரையும் பிரிக்கும். மேலும், மாறும் வட்டியில் வாங்கிய கடன் நிலையாய் நிற்பதில்லை. 2020 மே மாதத்தில் 4 விழுக்காடாக இருந்த ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 2023 பிப்ரவரியில் 6.5 ஆக உயர்ந்தது. அப்போது தவணை முடியும் என்று எண்ணியிருந்த ஆண்டு பலருக்குத் தள்ளிப்போயிற்று.

எனவே முதல் ஆண்டில் புதுக்கடன் எதுவும் வேண்டாம். நாற்காலியும் மேசையும் பழையனவாகவே இருக்கட்டும். மாதத் தவணையில் பத்திலொரு பங்கேனும் ‘வீட்டு உண்டியல்’ என்று தனியே எடுத்து வையுங்கள். மேற்சொன்ன குடும்பத்திற்கு அது மாதம் 1,800 ரூபாய். நீர் இறைக்கும் மோட்டார் பழுதாகும் நாளில் நகை அடகுக்கடைக்குப் போகாமல் இருக்க அது உதவும்.

வீட்டுக்காக வாழ்வா?

கடைசியாக ஒன்று. தவணை கட்டுவதற்காகத் தகப்பன் இரட்டைப் பணிமுறை பார்க்கிறான். தாயும் ஞாயிறன்றும் வேலைக்குப் போகிறாள். பிள்ளைகள் புதுவீட்டில் பூட்டிய கதவுக்குள் தனியே இருக்கின்றனர். இணைச்சட்ட நூலின் 20-ஆம் அதிகாரத்தில் ஓர் அரிய கட்டளை இருக்கிறது. போருக்கு அணிவகுக்கும்போது, புதுவீடு கட்டி இன்னும் அதை அர்ப்பணிக்காதவர் எவரேனும் இருந்தால் அவர் வீடு திரும்பட்டும் என்கிறது அது. நாடே போரில் நிற்கும்போதும் புதுவீட்டுக்காரருக்கு அவ்வீட்டில் வாழும் உரிமையை இறைவன் மறுக்கவில்லை. அவ்வாறிருக்க, வீடு வாங்கியதாலேயே வீட்டில் இருக்க நேரமில்லை என்பது எத்துணை முரண்!

ஆதலின் ஒரு சிறு வழக்கத்தை முன்வைக்கிறேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை குடும்பமாக வீட்டைச் சுற்றி வாருங்கள். தகப்பன் மாடியைப் பார்க்கட்டும். தாய் கணக்கைப் பார்க்கட்டும். அடுத்த மாதம் மாற்றிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் கறையான் புற்றுக்கோடு ஏறுகிறதா என்று கதவு நிலைகளையும் சுவரடியையும் தேடட்டும். அவர்களின் கண்கள் கூரியவை. பாட்டியார் எந்தப் படியில் கால் இடறுகிறது என்று சொல்லட்டும். கண்டதை எழுதுங்கள், செய்ததை எழுதுங்கள், செலவை எழுதுங்கள். பிறகு அனைவரும் திருஇருதயப் படத்தின்முன் அமர்ந்து செபமாலை சொல்லுங்கள். இல்லங்களில் திருஇருதயத்தை அரியணையேற்றும் பக்தி முயற்சியை 1907-இல் தொடங்கிய மத்தேயோ குருவானவர் விரும்பியதும் ஒரு நாள் விழாவையன்று, ஆண்டவரோடு வாழும் அன்றாடக் குடும்ப வாழ்வையே.

நாசரேத்து வீட்டில் கதவு கீச்சிட்டால் சரிசெய்ய ஒரு தச்சர் இருந்தார். விளக்குக்கு எண்ணெய் பார்த்துக்கொள்ள ஒரு தாய் இருந்தார். இருவருக்கும் உதவ ஒரு மகன் இருந்தார். மனிதரான இறைமகன் முப்பது ஆண்டுகளை அத்தகைய சிறு வேலைகளிடையே கழித்தார் என்பதை நினைந்தால், ஒழுகும் குழாயை இறுக்குவதும் செபத்தோடு சேரும் பணியே என்பது விளங்கும்.

புதுவீடு புகுந்த குடும்பங்கள் அனைத்தையும் புனித சூசையப்பரின் பாதுகாவலில் ஒப்படைக்கிறேன். உங்கள் கூரை ஒழுகாதிருப்பதாக. உங்கள் கதவு ஏழைக்குத் திறந்திருப்பதாக. உங்கள் வீட்டிற்கு வருவோர் அனைவரும் நலமே திரும்புவாராக. இறையாசீர் உங்கள் இல்லங்களில் என்றும் தங்குவதாக.